கல்கத்தாவின் குளிரும் கம்ப்ரசரின் எண்ணெயும்

ஒரு காரில் எண்ணெய் தேவைப்படும் உறுப்புகள் பல உண்டு என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவற்றின் எண்ணெய் தனக்குரிய கலத்தை விட்டு வெளியே செல்வதில்லை. எஞ்சின் எண்ணெய் அடித்தொட்டியில் வந்து தேங்குவதால் அளவுகோலை உருவித் துடைத்துப் பார்த்த அளவிலேயே அதன் நிலை தெரிந்துவிடுகிறது; கியர் பெட்டியின் எண்ணெயை அதன் பக்கவாட்டு அடைப்பானைத் திறந்து அறியலாம். குளிரூட்டியின் கம்ப்ரசரில், அதாவது குளிர்விக்கும் வாயுவை அழுத்திச் சுற்றுக்கு அனுப்பும் பம்பில், ஊற்றப்படும் எண்ணெய் மட்டும் அந்த வாயுவில் கரைந்து, அதனுடனே குழாய்கள் வழியாகப் பயணித்து, வண்டியின் முன்புறத்திலுள்ள கண்டென்சரையும் பயணியர் பகுதிக்குள் இருக்கும் கூலிங் காயிலையும் கடந்து மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. ஆகவே அது எவ்வளவு இருக்கிறது என்ற எளிய கேள்விக்கு விடை காணும் முறை, கார் குளிரூட்டியின் வரலாறு நெடுகிலும் கம்ப்ரசரின் அமைப்பு மாறியபோதும் வாயு மாறியபோதும் தானும் மாறிவந்திருக்கிறது. குளிரை வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய காலத்தையும், தானே உற்பத்தி செய்த காலத்தையும், இந்தியாவின் மிக நீண்டகாலக் கார்த் தொழிற்சாலையைத் தன் புறநகரில் வைத்திருந்த காலத்தையும் கண்ட நகரமான, முன்பு கல்கத்தா எனப்பட்ட கொல்கத்தாவில் இந்த மாற்றங்களைத் தொடர்ந்து நோக்குவது பொருத்தமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கல்கத்தாவின் ஐரோப்பியர் பயன்படுத்திய பனிக்கட்டி ஹூக்ளி, சின்சுரா வட்டாரங்களிலிருந்து வந்தது. குளிர்காலத்தின் தெளிந்த இரவுகளில் வைக்கோல் பரப்பிய ஆழமற்ற குழிகளில் மண் தட்டுகளை வரிசையாக அடுக்கி நீர் ஊற்றிவைத்தால், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தபோதும், தட்டிலிருந்த வெப்பம் வானை நோக்கிக் கதிர்வீசி வெளியேறுவதால் விடியலில் மெல்லிய பனித்தகடு படிந்திருக்கும். சர் ராபர்ட் பார்க்கர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்த இந்த முறையின் விளைபொருள் சேறு கலந்தது, அளவில் சிறியது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் 1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பலில் 180 டன் பனிக்கட்டியை ஏற்றி அனுப்ப, அது பூமத்திய ரேகையை இருமுறை கடந்து செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது என்பதும், அந்த எச்சமே நகரத்தை வியப்பில் ஆழ்த்தியது என்பதும் பலமுறை எழுதப்பட்ட செய்திகள். நகரவாசிகள் பணம் திரட்டி அதற்கென ஒரு பனிக்கட்டி இல்லத்தைக் கட்டினர்; அதே வணிகத்துக்காகச் சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்பதைத் தமிழ் வாசகர் அறிவர். வழியில் 80 டன்னை இழந்தும் டியூடர் லாபம் கண்டார். குளிரை அடைத்துக் காக்கும் தொழிலில் கசிவு என்பது கணக்கில் முன்கூட்டியே எழுதப்படும் செலவாகவே அன்றும் இருந்தது.

1878-இல் வங்காள ஐஸ் கம்பெனி இயந்திரங்களால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அமெரிக்கப் பனிக்கட்டி சில ஆண்டுகளிலேயே சந்தையை இழந்தது. இயந்திரக் குளிரின் அடிப்படை எளியது: ஒரு வாயுவை அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டை வெளியே விட்டுத் திரவமாக்கி, பின்னர் அழுத்தத்தைத் தளர்த்தினால் அத்திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அழுத்தும் பிஸ்டனுக்கு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெயில் ஒரு பகுதி வாயுவோடு வெளியேறுவதும் தவிர்க்க இயலாதது. பெரிய பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் நிலைபெற்ற அம்மோனியா, கனிம எண்ணெயுடன், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் எண்ணெயுடன், ஏறக்குறைய கலப்பதே இல்லை. அம்மோனியாத் திரவத்தைவிடக் கனமான எண்ணெய் கலங்களின் அடியில் படிந்துவிடும். தொழிலாளர் குறித்த இடைவெளியில் அடிக்குழாயைத் திறந்து அதை வடித்து, வடிந்த அளவுக்கு ஈடாகக் கம்ப்ரசரில் புதிதாக ஊற்றுவர். ஓரிடத்தில் நிலையாக நிற்கும் இயந்திரத்துக்கு, அதனை எந்நேரமும் கவனிக்க ஆள் இருக்கும் ஆலைக்கு, இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. மூச்சுத் திணறவைக்கும் அம்மோனியாவையும் அடிக்குழாய் வடிப்பையும் ஒரு காரின் பானட்டுக்கு அடியில் வைத்திருக்க முடியாது.

அந்தத் தடையை நீக்கியது தாமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் உருவாக்கி 1930-இல் அறிவித்த குளோரோபுளோரோகார்பன் வாயு. நச்சற்றது, எரியாதது என்பதைக் காட்ட மிட்ஜ்லி அதனை அறிஞர் அவையில் மூச்சில் இழுத்து ஊதி மெழுகுவர்த்தியை அணைத்த நிகழ்ச்சியை எல்லா வரலாறுகளும் குறிப்பிடுகின்றன. ஆனால் ஆர்-12 என்று பெயர்பெற்ற அந்த வாயுவின் மற்றொரு பண்பு, பழுதுபார்ப்போரின் நோக்கில் இவ்விரண்டுக்கும் குறையாத முக்கியத்துவம் உடையது: அது கனிம எண்ணெயுடன் முழுமையாகக் கலந்தது. கலந்ததனால் எண்ணெய் எங்கும் தேங்கி நிற்காமல் வாயுவால் இழுத்துச் செல்லப்பட்டுத் தானாகவே கம்ப்ரசருக்குத் திரும்பியது. வடிப்பதற்கு ஆளும் வேண்டியதில்லை, தனிக் கலமும் வேண்டியதில்லை. எவரும் கவனிக்காமலேயே ஓடக்கூடிய சிறு குளிரூட்டி இதனால்தான் இயன்றது என்று சொல்வது மிகையாகாது. பேக்கார்டு நிறுவனம் 1939-இன் இறுதியில், 1940-ஆம் ஆண்டு வண்டிகளுக்காக அறிவித்த குளிரூட்டியே தொழிற்சாலையிலிருந்து காரில் வந்த முதல் ஏற்பாடு. அதன் கூலிங் காயில் பின்புறப் பெட்டியில் இருந்தது. கம்ப்ரசரை இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் காந்தக் கிளட்ச் அதில் இல்லாமையால், குளிர்காலத்தில் பெல்ட்டையே கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

கல்கத்தாவின் கார் உற்பத்தி வரலாறு ஹூக்ளி மாவட்டத்தில், மண் தட்டுகளில் பனி எடுத்த அதே மாவட்டத்தில், உத்தரபாராவில் தொடங்குகிறது. பி. எம். பிர்லா 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-இல் அங்கு இடம்பெயர்ந்தது. ரயில் நிலையத்துக்கே ஹிந்த் மோட்டார் என்று பெயர் வந்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி 1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த அம்பாசடர், 1489 சிசி எஞ்சினுடன் பல பத்தாண்டுகள் நகரத்தின் தெருக்களை ஆண்டது. குளிரூட்டியின் கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து சில குதிரைத்திறனைப் பறித்துக்கொள்வது. ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறனே தந்த அந்த எஞ்சினுக்கு அது பெருஞ்சுமை. 1984-இல் வந்த கான்டெசாவும் தொடக்கத்தில் இதே சிறிய எஞ்சினையே சுமந்தமையால், இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் கிடைத்த பிறகே குளிரூட்டியுடன் தடையின்றி ஓடும் வண்டி என்ற தகுதியைப் பெற்றது. அம்பாசடருக்கும் 1990-களில் அந்த எஞ்சின் வாய்த்தது. மஞ்சள் டாக்சியாக ஓடிய அம்பாசடர்களில் பெரும்பாலானவை கடைசிவரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓடின என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். குளிரூட்டிய கார் என்பது கல்கத்தாவில் நெடுங்காலம் சிறுபான்மையினரின் வசதி; அதனைப் பழுதுபார்த்தல் அதனினும் சிறுபான்மையினரின் தொழில். பார்க் தெருவும் பழைய லோயர் சர்குலர் சாலையும் சந்திக்குமிடத்தில் உள்ள மல்லிக் பஜார், பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப்பாகங்களாக விற்கும் சந்தையாகப் பெயர்பெற்றது. புதியது கிடைக்காத அல்லது கட்டுபடியாகாத பொருளுக்கு மிஸ்திரிகள், அதாவது மெக்கானிக்குகள், நாடும் இடம் அது.

பழைய கம்ப்ரசர்களின் எண்ணெயை அளப்பதற்கு அவற்றின் அமைப்பே இடம் கொடுத்தது. 1960-களிலும் 70-களிலும் உலகெங்கும் பரவியிருந்த யார்க், டெகம்சே வகைகள் நிமிர்ந்து நிற்கும் இரு சிலிண்டர் இயந்திரங்கள். எஞ்சினைப் போலவே அடியில் எண்ணெய்த் தொட்டி உடையவை. பக்கவாட்டில் ஓர் அடைப்பான் உடையவை. அவற்றின் இரு குழாய் வாய்களிலும் கையால் திருகி மூடக்கூடிய வால்வுகள் இருந்தமையால், சுற்றிலுள்ள வாயு முழுவதையும் வெளியேற்றாமல் கம்ப்ரசரை மட்டும் தனிமைப்படுத்தி, அதனுள் எஞ்சிய சிறிதளவை மெல்ல விட்டபின் அடைப்பானைத் திறக்கலாம். உள்ளே விட்டு அளக்கும் கோல் வண்டியுடன் வருவதில்லை. மெல்லிய கம்பியை வளைத்துச் செய்துகொள்வதே வழக்கம். கம்ப்ரசர் நிமிர்ந்து பொருத்தப்பட்டதா சாய்த்துப் பொருத்தப்பட்டதா என்பதைப் பொறுத்துக் கோலில் நனைய வேண்டிய உயரம் வேறுபடும். இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு: அளப்பதற்கு முன் எஞ்சினைச் சுமார் பத்து நிமிடம் குளிரூட்டியுடன் ஓடவிட வேண்டும். ஓடாமல் நின்ற வண்டியில் எண்ணெய் கூலிங் காயிலிலும் குழாய்களிலும் தங்கிவிடுவதால், அந்நிலையில் அளந்தவர் குறைவென எண்ணி மேலும் ஊற்றிவிடுவார். சுற்றில் பயணித்த எண்ணெய் தன் இடத்துக்குத் திரும்பிய பிறகே கோலின் சொல் நம்பத்தக்கதாகும்.

ஜப்பானின் சாங்கியோ, பின்னாளில் சாண்டன் எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம், 1970-களில் பரப்பிய ஐந்து பிஸ்டன் கம்ப்ரசர் இந்த அளவையை மேலும் நுட்பமாக்கியது. எஸ்டி-508 என்ற அதன் புகழ்பெற்ற பெயரில் ஐந்து என்பது சிலிண்டர்களையும், எட்டு என்பது ஒரு சுற்றில் அழுத்தப்படும் கன அங்குலத்தையும் தோராயமாகக் குறிக்கும்; உண்மையான அளவு 138 சிசி. இதில் கிராங்க் தண்டுக்கு மாற்றாகச் சாய்ந்த தட்டு ஒன்று தள்ளாடியபடி பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளுகிறது. தனி எண்ணெய்த் தொட்டி இல்லாமல், உடற்கூட்டின் அடியிலேயே எண்ணெய் நிற்கிறது. அடைப்பானைத் திறந்து கோலை விட்டால் அது உள்ளிருக்கும் உறுப்புகளில் முட்டும். எனவே கிளட்ச்சின் முகப்பைக் கையால் திருப்பி, உள்ளுறுப்புகள் விலகிக் கோலுக்கு வழிவிடும் நிலையைக் கண்டபின்னரே அதனைச் செலுத்த வேண்டும். கம்ப்ரசர் சாய்ந்திருக்கும் கோணத்தை முதலில் அளந்து, அந்தக் கோணத்துக்கு எத்தனை கோடுகள் நனைய வேண்டும் என்பதைக் கையேட்டின் அட்டவணையில் காண வேண்டும். எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வையில் முடிகிற வேலையாக அது இருக்கவில்லை.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்தியாவின் கார்ச் சந்தையை மாற்றியமைத்தபோது கம்ப்ரசரும் சுருங்கியது. 1985-இல் சுசூகி, டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் பங்கேற்புடன் தொடங்கிய சுப்ரோஸ், மாருதிக்கான குளிரூட்டிகளை இந்தியாவிலேயே செய்யலாயிற்று. எடை குறைந்த இவ்வகைக் கம்ப்ரசர்களில் எண்ணெய் நிற்பதற்கென்று இடம் மிகக் குறைவு. காலப்போக்கில் கம்ப்ரசர்களின் அடைப்பானும் கோலும் மறைந்தன; எண்ணெய் முழுவதும் வாயுவுடனேயே சுற்றிவருகிறது என்ற அடிப்படையில் அவை வடிவமைக்கப்பட்டன. ‘எண்ணெயைப் பார்த்தல்’ என்ற செயல் அத்துடன் முடிந்து, அதன் இடத்தில் கணக்கு வந்தது. சுற்றின் மொத்த எண்ணெய் இவ்வளவு என்று வண்டியின் ஒட்டுச்சீட்டோ கையேடோ கூறும். பல சிறிய கார்களில் அது நூறு மில்லிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். கம்ப்ரசரைக் கழற்றினால் அதிலுள்ள எண்ணெயை அளவு குறித்த குவளையில் கவிழ்த்து வடித்து, வடிந்த அளவையே புதிய கம்ப்ரசரிலும் வைக்க வேண்டும். புதியது தொழிற்சாலையிலிருந்தே முழுச்சுற்றுக்குமான எண்ணெயுடன் வருவதால், அதில் மிகையானதை முதலில் வடித்துக் குறைக்க வேண்டும் என்பது பலர் தவறவிடும் படி. கூலிங் காயிலை மாற்றினால் அதில் தங்கிவிட்ட எண்ணெய்க்கு ஈடாக ஓர் அளவு, கண்டென்சருக்கு ஓர் அளவு, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அடைத்த உருளையான டிரையருக்கு ஓர் அளவு என்று தனித்தனியே சேர்க்க வேண்டும். வணிகரின் பேரேட்டைப் போல வரவும் செலவும் நிகராக வந்தால் மட்டுமே எண்ணெய் சரியாக இருக்கிறது என்று நம்ப முடியும். கண்ணால் கண்டு உறுதிசெய்ய வழியில்லை.

இந்தக் கணக்கில் அதிகம் பிழை செய்வது குறைவாக ஊற்றுபவரைவிடத் தாராளமாக ஊற்றுபவரே. எண்ணெய் குறைந்தால் கம்ப்ரசர் தேய்ந்து இறுகி நிற்கும் என்பதை அனைவரும் அறிவர். அதனாலேயே சிறிது கூடுதலாக இருக்கட்டும் என்ற எண்ணம் தோன்றுகிறது. கூடுதல் எண்ணெய் கூலிங் காயிலின் உட்சுவரில் படலமாகப் படிந்து வெப்பம் பாய்வதைத் தடுப்பதால் குளிர் குறைகிறது. குளிர் குறைந்ததைக் கண்டவர் வாயு போதவில்லை என்று கருதி மேலும் நிரப்ப, அழுத்தம் உயர்ந்து கம்ப்ரசர் சூடேறுகிறது. திரளாகத் திரும்பிய எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்தால், திரவத்தை அழுத்த இயலாமையால் வால்வுத் தகடுகள் உடைகின்றன. வாயுவை மட்டும் நிரப்பி அனுப்பும் வழக்கத்தின் குறை இதற்கு எதிர்ப்புறமானது. வாயு எங்கே கசிகிறதோ அங்கே எண்ணெயையும் சிறிது சிறிதாக வெளியே கொண்டுவந்து தூசி ஒட்டிய கறையாக விட்டுச்செல்கிறது. அந்தக் கறை கசிவைக் காட்டும் சான்று என்பதோடு, உள்ளே எண்ணெய் குறைந்திருக்கிறது என்பதற்கும் சான்று. ஆண்டுதோறும் வாயுவை மட்டும் நிரப்பிக்கொண்ட வண்டியில் மூன்றாம் நான்காம் கோடையில் கம்ப்ரசர் இறுகினால், அதற்கான பழியைக் கம்ப்ரசரின் தரத்தின் மேல் சுமத்துவது நியாயமன்று.

கொல்கத்தாவின் பருவச் சுழற்சியும் இதில் பங்குகொள்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரிவரை அந்நகரில் காரின் குளிரூட்டியை இயக்கும் தேவை குறைவு. பெல்ட்டால் சுழற்றப்படும் கம்ப்ரசரின் தண்டு உடற்கூட்டைத் துளைத்து வெளியே வருமிடத்தில் ஒரு சீல் உண்டு. அந்தச் சீலின் முகத்தில் நிற்கும் எண்ணெய்ப் படலமே வாயுவை உள்ளே தடுத்து வைக்கிறது. மாதக்கணக்கில் ஓடாத கம்ப்ரசரில் அந்தப் படலம் வடிந்து உலர்ந்துவிட, வாயு மெல்லக் கசிந்து, பங்குனியில் பொத்தானை அழுத்தும்போது வெறும் காற்றே வருகிறது. குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் குளிரூட்டியை ஓடவிட வேண்டும் என்ற அறிவுரையின் பொருள் இதுதான். ஏறத்தாழ ஆண்டு முழுவதும் குளிரூட்டி ஓடும் சென்னையில் இக்கோளாறுக்கு வாய்ப்பு குறைவு.

மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-இல் எச்சரித்ததைத் தொடர்ந்து, 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியலில் நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையால் ஆர்-12-இன் முடிவு எழுதப்பட்டது. வானின் ஓசோன் படலத்தை அது சிதைத்தது. இந்தியா 1992-இல் உடன்பாட்டில் இணைந்தது. அப்போது இந்தியாவில் இவ்வகை வாயுக்களைச் செய்த நான்கு நிறுவனங்களுள் ஒன்று மேட்டூரின் கெம்பிளாஸ்ட் சன்மார் என்பது தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் உள்ள பங்கு. ஓசோன் குறைக்கும் பொருள்கள் குறித்த 2000-ஆம் ஆண்டின் விதிகள், 2003 ஜனவரி 1 முதல் புதிய பொருள்களின் உற்பத்தியில் அவ்வாயுக்களைப் பயன்படுத்துவதை, மருத்துவத் தேவைகள் தவிர்த்து, தடைசெய்தன. கார்களில் அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாதது. எனினும் கனிம எண்ணெயுடன் கலக்காதது. பழைய எண்ணெயை வைத்துக்கொண்டு புதிய வாயுவை நிரப்பினால், எண்ணெய் கூலிங் காயிலில் தேங்கிவிட, கம்ப்ரசர் உலர்ந்து ஓடும். அம்மோனியா ஆலைகளின் பழைய சிக்கல், வடிகுழாய் இல்லாத வண்டியில் திரும்பி வந்தது எனலாம்.

ஆர்-134ஏ வாயுவுக்கெனச் செய்யப்பட்ட செயற்கை எண்ணெய் பாலிஆல்கிலீன் கிளைக்கால். பட்டறைகளில் ‘பேக் ஆயில்’ எனப்படுவது. பாகுத்தன்மைக்கேற்ப 46, 100, 150 என்ற எண்களில் கிடைக்கும் இதனைக் கம்ப்ரசர் செய்தவர் சொன்ன எண்ணிலேயே ஊற்ற வேண்டும். இதன் பெருங்குறை, காற்றிலுள்ள ஈரத்தைக் கனிம எண்ணெயைவிடப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சுவது. ஆடி, ஆவணி மாதங்களில் கொல்கத்தாவின் காற்றில் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தாண்டி நிற்கும்; அத்தகைய காற்றில் மூடி திறந்து கிடந்த எண்ணெய் டப்பா, சுற்றுக்குள் நுழையும் முன்னரே கெட்டுப்போனதாகிறது. ஈரம் உள்ளே சென்றால் வெப்பத்தில் அமிலங்கள் உண்டாகி உலோகத்தை அரிக்கின்றன. திரவத்தின் அழுத்தத்தைத் தளர்த்தும் விரிவு வால்வின் நுண்துளையில் நீர் உறைந்து ஓட்டத்தை அடைக்கிறது. வாயு நிரப்பும் முன் வெற்றிடப் பம்பால் சுற்றை உறிஞ்சுவது ஈரத்தை நீக்கவே: 30 டிகிரி செல்சியஸில் நீர் கொதித்து ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். ஆயினும் குழாய்ச் சுவரில் ஒட்டிய நீரை நீக்குவதுபோல் பேக் எண்ணெய் பிணைத்துக்கொண்ட நீரைப் பம்பால் எளிதில் பிரிக்க முடிவதில்லை. திறந்த டப்பாவை வைத்துக்கொண்டு வாரங்கள் கழித்து மிச்சத்தைப் பயன்படுத்தும் சிக்கனம் கனிம எண்ணெய்க் காலத்தில் பெருந்தவறாக இருக்கவில்லை. புதிய எண்ணெயில் அதுவே கம்ப்ரசரின் ஆயுளைக் குறைத்தது. தொழிலாளர் பழக்கம் ஒரே இரவில் மாறாது என்பதை அறிந்தே, 2004 முதல் செயல்பட்ட தேசிய சிஎஃப்சி ஒழிப்புத் திட்டத்தில் மாநிலந்தோறும் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி தருவது முக்கியப் பகுதியாக வைக்கப்பட்டது. பழைய ஆர்-12 வண்டிகளைப் புதிய வாயுவுக்கு மாற்றியபோது, எஞ்சிய கனிம எண்ணெயைச் சகித்துக்கொள்ளும் பாலியால் எஸ்டர் எண்ணெய் இடைக்கால உதவியாக அமைந்தது.

உத்தரபாரா ஆலை 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. வணிக வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட பதினைந்து ஆண்டு வரம்பால், கடைசியாக வந்த மஞ்சள் அம்பாசடர்களும் தெருவிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. ஆர்-134ஏ வளிமண்டலத்தைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1430 மடங்கு வலிமையுடையதாகையால் அதுவும் 2016-இன் கிகாலி திருத்தத்தின்கீழ்க் குறைக்கப்பட வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஆர்-1234ஒய்எஃப் என்ற வாயு வெளிநாடுகளில் அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது, அதற்கும் தனி எண்ணெய் உண்டு. கொல்கத்தாவில் 2019 முதல் ஓடும் மின்பேருந்துகளிலும், பெருகிவரும் மின்கார்களிலும் கம்ப்ரசரைச் சுழற்றுவது பெல்ட் அன்று. அதன் கூட்டுக்குள்ளேயே அடைக்கப்பட்ட மின்மோட்டார். வெளியே நீளும் தண்டும் அதன் சீலும் ஒழிந்தமையால் குளிர்காலக் கசிவும் ஒழிகிறது. ஆனால் உயர் மின்னழுத்தச் சுருள்கள் எண்ணெயிலேயே நனைந்திருப்பதால், அந்த எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாததாக இருக்க வேண்டும். எஸ்டர் எண்ணெய் அத்தகுதி உடையது. ஈரம் உறிஞ்சிய பேக் எண்ணெய்க்கு அத்தகுதி இல்லை. எனவே காலையில் பெட்ரோல் காருக்கு வாயு நிரப்பிய குழாயை அப்படியே மாலையில் மின்காரில் மாட்டினால், குழாயின் உள்ளே ஒட்டியிருந்த சிறிதளவு பேக் எண்ணெய் சுருள்களின் மின்காப்பைத் தளரச் செய்து, வண்டியின் பாதுகாப்புச் சாதனம் கம்ப்ரசருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும்படி ஆகலாம். மின்வண்டிகளுக்கென்று தனிக் குழாயும் தனி எண்ணெய் உட்செலுத்தியும் வைத்துக்கொள்ளுமாறு உற்பத்தியாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.